முட்டி வலிக்குப் போட்ட நாற்காலி

ஏழுமலை, விரித்துப் பார்த்துக்கொண்டிருந்த அரக்குப் புடவையை மடிக்க ஆரம்பித்தார். கோபத்தில் சுருட்டவில்லை. கரையோடு கரை சேர்த்து, ஜரிகை கசங்காமல், கடைக்காரன் மடிப்பதைவிடப் பதமாக மடித்தார். மடித்ததை மெத்தையின் ஓரத்தில் வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"பச்சையம்மா, கெளம்பு" என்றார் மனைவியிடம்.

அந்த அம்மாள் கையை ஊன்றி எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. கூட வந்த சொந்தக்காரப் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"இன்னா ஏழுமலை, ஒண்ணுதானே பாத்தீங்க? பட்டு உள்ள இருக்குது. எடுக்கச் சொல்றேன், குந்துங்க" என்றேன் நான்.

"இருக்கட்டும் செட்டியாரே. நீங்க ஒசரத்துலயே குந்திக்கினு இருங்க. நாங்க வேற கடை பாத்துக்கறோம்."

செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிப் போய்விட்டார். மகன் கல்யாணத்துக்குக் கூரைப் புடவை எடுக்க வந்த குடும்பம், வெயிலில் வரிசையாகப் போவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எழுந்து ஓடிப்போய்க் கையைப் பிடிக்கலாம் என்றால், அந்தக் காலுக்குத்தானே இத்தனை பாடும்.

ஜவுளி வியாபாரத்தில் கோபித்துக்கொண்டு போகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சாயம் போனது என்று வருவார்கள், விலை ஏறிவிட்டது என்று கத்துவார்கள். காரணம் தெரியும். இது எதனால் என்று எனக்குச் சத்தியமாகப் புரியவில்லை. அன்றுதான் நான் முதல் தடவையாக நாற்காலியில் உட்கார்ந்து வியாபாரம் பார்த்தேன். நாற்காலி ஒத்துவந்தால் கடை இருக்கும், ஒத்துவராவிட்டால் கடையை விட்டுவிட வேண்டியதுதான் என்கிற நிலைமை. முதல் நாள், முதல் குடும்பம், இப்படி.

மெத்தை மேல் கடை

தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு எங்கள் கடை பழகியிருக்கும். இந்த வாரம் புதிதாகப் புரட்டியவர்களுக்காக ஒரு வார்த்தை. செஞ்சிக் கடைத்தெருவில், கோட்டை பார்க்க வருகிறவர்கள் கண்ணில்கூடப் படாத அகலத்தில் ஒரு ஜவுளிக் கடை. மேசை கிடையாது, நாற்காலி கிடையாது. செருப்பை வாசலில் விட்டுவிட்டு ஏறினால் கடை முழுக்க மெத்தை, மேலே வெள்ளை விரிப்பு. இந்தப் பக்கம் நான் சம்மணம் போட்டிருப்பேன், அந்தப் பக்கம் வாங்க வந்தவர்கள். நடுவில் புடவை.

கடையை ஆரம்பித்தது என் நைனா. "நிக்கிறவங்க வெலைதாண்டா கேப்பாங்க. குந்த வச்சிட்டின்னா, வாங்காம எந்திரிக்கக் கூச்சப்படுவாங்க" என்பார்.

அந்தக் காலத்தில் ஊரில் சில கடைகளில், காலனியிலிருந்து வருகிறவர்கள் தெருவிலேயே நிற்க வேண்டும். கடைக்காரர் மேலேயிருந்து துணியைப் போடுவார், இவர்கள் கீழேயிருந்து பிடித்துக்கொள்வார்கள். நைனா எல்லாரையும் மெத்தையில் ஏறச் சொன்னார். அதனால் அவரைப் பெரிய சீர்திருத்தக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். அதே ஆட்கள் ஏதாவது வேலையாக எங்கள் வீட்டுக்கு வந்தால், கொல்லைப் பக்கம்தான். தண்ணீரும் கையில்தான் ஊற்றுவார்கள். கடையில் ஒரு நைனா, வீட்டில் ஒரு நைனா. எது நிஜ நைனா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

எப்படியோ, வல்லத்துக்குப் பக்கத்துக் காலனியிலிருந்து ஏழுமலையின் அப்பா எங்கள் கடைக்கு வர ஆரம்பித்தார். பிறகு ஏழுமலை வந்தார். தன் கல்யாணத்துக்கு, பெண்களின் கல்யாணத்துக்கு, எல்லாம் எங்கள் மெத்தையில்தான். ஏறக்குறைய என் வயதுதான் அவருக்கும். மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை மூட்டையை விற்கப் போட்டுவிட்டு, பை நிறையப் பச்சை மல்லாட்டையோடு வருவார். எங்கள் பக்கம் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர். உரித்துத் தின்றுகொண்டே நாங்கள் பேசாத விஷயம் இல்லை.

வலிப்பது ஒன்று, தேய்ந்தது ஒன்று

முட்டிக்கு வருவோம். முதலில் சத்தம்தான் வந்தது. புடவை எடுக்க எழுந்திருக்கும்போதெல்லாம் பச்சரிசியை மெல்லுவதுபோல் கறுக் கறுக்கென்று கேட்கும். "இன்னா முதலாளி, வாயில முறுக்கா?" என்று ஒரு அம்மாள் கேட்டே விட்டார். சத்தத்துக்குப் பின்னால் வலி வந்தது. காலையில் படுக்கையை விட்டு இறங்கினால் கால் என் பேச்சைக் கேட்கக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்ளும். அப்புறம் சரியாகிவிடும். சாயங்காலம் மறுபடி. வலி என்றால் எப்போதும் வலிக்க வேண்டாமா? வந்தும் வராமலும் இருந்தால் மனுஷன் என்னவென்று நினைப்பது?

திண்டிவனத்தில் எலும்பு டாக்டரிடம் போனோம், நானும் என் மனைவி சரோஜாவும். படம் எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டிவிட்டு, "மூட்டுத் தேய்மானம். இடது முட்டியில கொஞ்சம் அதிகமாவே இருக்கு" என்றார்.

"டாக்டர், வலிக்கிறது வலது."

"ம். படத்துல இடதுதான் ஜாஸ்தி. சில பேருக்கு அப்படி இருக்கும். படம் ஒண்ணு சொல்லும், வலி ஒண்ணு சொல்லும்."

எனக்கு மனசு ஆறவில்லை. வெளியே வந்ததும் நேராகப் படம் எடுத்த அறைக்குப் போனேன். "தம்பி, வேற யார் முட்டியோ மாறிடுச்சுப்பா" என்றேன். அவர் பொறுமையாகப் பெயரைக் காட்டினார், வலது இடது குறித்திருந்த எழுத்தைக் காட்டினார். நான் நம்பவில்லை. திரும்பி வரும்போது பேருந்தில் நொண்டி ஏறுகிற ஒவ்வொருவரையும் பார்த்து, என் முட்டி இவரிடம்தான் இருக்குமோ என்று சந்தேகப்பட்டுக்கொண்டே வந்தேன்.

"சும்மா வாங்க" என்றாள் சரோஜா. "வண்டியில வலது பக்கம் கைகாட்டிட்டு இடது பக்கம் திரும்புற ஆளு நீங்க. உங்க முட்டி மட்டும் எப்படி ஒழுங்கா இருக்கும்?"

டாக்டர் சொன்னது இவ்வளவுதான். அறுவை சிகிச்சைக்கு இப்போது அவசரமில்லை. உடம்பைக் குறைக்க வேண்டும். நடக்க வேண்டும். முட்டிக்குப் பயிற்சி செய்ய வேண்டும். தரையில் சம்மணம் போட்டு மணிக்கணக்காக உட்காரவே கூடாது.

கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு இடித்தது. என் தொழிலே அதுதானே?

ஆளுக்கொரு யோசனை

ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிற என் மகன் பிரபுவுக்கு அன்றே விஷயம் போய்விட்டது. "நைனா, போதும். செல்போன் கடைக்காரர் நம்ம எடத்தைக் கேட்டுக்கினுதானே இருக்காரு? வாடகைக்கு விட்டுட்டு இங்க வந்துருங்க. லிஃப்ட் இருக்குது, வெஸ்டர்ன் டாய்லெட் இருக்குது" என்றான். அன்பாகத்தான் சொன்னான். என் கடைக்கும் அவன் வீட்டுக் கழிவறைக்கும் போட்டி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"தை பொறக்கிற வரைக்கும் பாக்கறண்டா" என்றேன். தை பிறக்க அதிக நாள் இல்லை.

அதற்குள் கடைத்தெரு முழுக்க வைத்தியர்களாகிவிட்டார்கள். எதிர்க்கடை நாட்டு மருந்துக்காரர் ஒரு எண்ணெய் கொடுத்தார். பூக்காரம்மா முடக்கத்தான் கீரையைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து, "தோசையில அரைச்சுப் போடுங்க, கால் மடங்கறது தானா வரும்" என்றார். சரோஜா வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். பிரபு போனில், "வெந்நீரா? ஐஸ் வைக்கணும் நைனா" என்றான். இரண்டு பேர் மனசையும் நோகடிக்கக் கூடாது என்று காலையில் சூடு, மாலையில் குளிர்ச்சி. இரண்டிலுமே கொஞ்சம் சுகமாக இருந்தது. அதுதான் இன்னும் குழப்பியது. ஒன்று சரியென்றால் மற்றது தப்பாக இருக்க வேண்டும் இல்லையா?

"நடக்காதீங்க, தேஞ்சது இன்னும் தேயும்" என்பார் ஒருவர். "நடக்காம இருந்தீங்கன்னா துரு புடிச்சுக்கும்" என்பார் இன்னொருவர். ஒருவர் என்னைச் செருப்பாக நினைக்கிறார், இன்னொருவர் கதவுக் கீலாக நினைக்கிறார். நான் பாதித் தெரு நடந்து திரும்பிவிடுவேன்.

காலைத் தொட்டால் ஆசீர்வாதம்

திருவண்ணாமலை ரோட்டில், மாடியில் இல்லாமல் கீழேயே, பிசியோதெரபி நிலையம் வைத்திருக்கிறது ஒரு பெண். தமிழ்ச்செல்வி என்று பெயர். அவலூர்பேட்டைக்காரப் பெண். முதல் நாள் என்னைக் கட்டிலில் படுக்க வைத்து, குதிகாலைத் தன் உள்ளங்கையில் ஏந்தியது.

"நல்லா இரும்மா" என்றேன்.

அது என் பழக்கம். சின்னவர்கள் கை காலில் பட்டால் வாய் தானாகச் சொல்லிவிடும். கையை எடுத்துவிட்டு மறுபடி பிடித்தது. "நல்லா இரும்மா."

"சார், நீங்க ஒவ்வொரு தடவையும் ஆசீர்வாதம் பண்ணா நான் எப்ப வேலை பாக்கறது?"

அதன் கை வைத்தியம் எனக்குப் புரியவே இல்லை. வலி முட்டியில். அது முதலில் இடுப்பை அசைத்துப் பார்த்தது. தொடையை அழுத்தியது. அப்புறம் முட்டிச் சில்லை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நகர்த்தியது. என் உடம்பில் அது நகரும் என்றே எனக்குத் தெரியாது.

"வலி எங்கியோ இருக்குது, நீ எங்கியோ புடிக்கிறியேம்மா."

"தொடை சதை பலமா இருந்தா முட்டி மேல பாரம் கம்மியாகும் சார். அதான்."

சுருட்டிய துண்டை முட்டிக்கு அடியில் வைத்து, அதைக் கீழே அழுத்தச் சொன்னது. காலை நீட்டியபடியே தூக்கச் சொன்னது. ராத்திரிச் சோற்றைக் குறைக்கச் சொன்னது. மல்லாட்டையை உரிக்கும்போது அளவு பார்க்கச் சொன்னது. எழுந்து நின்றபோது கால் நிஜமாகவே இலேசாக இருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். "உன் கை ராசியான கைம்மா. வாரா வாரம் வந்து படுத்துக்கறேன்" என்றேன்.

"என் கை புடிச்சது ரெண்டு நாளைக்குத்தான் சார் நிக்கும். வூட்ல நீங்க பண்றதுதான் தங்கும். பண்ணலன்னா மறுபடி இதேதான்."

எந்த ஜவுளிக் கடைக்காரனாவது, 'இந்தப் புடவை ரெண்டு நாளைக்குத்தான் வரும்' என்று சொல்லி விற்பானா? இந்தப் பெண் எப்படிப் பிழைக்கப் போகிறதோ என்று கவலைப்பட்டேன்.

கைத்தடியை இடது கையில் பிடிக்கச் சொன்னது. வலி வலது காலில். வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில்தான் தடி இருக்க வேண்டுமாம். டீக்கடைக்காரர் விடுவாரா? "அண்ணே, தடி மாறிப் போச்சு, அந்தக் கையில புடிங்க" என்று தினமும் திருத்துவார். விளக்கம் சொல்லி அலுத்துப்போய், அவர் கடை வரும்போது மட்டும் கையை மாற்றிக்கொள்வேன். தாண்டியதும் திருப்பி மாற்றிக்கொள்வேன். கொஞ்ச நாளில் எது எந்தக் கை என்பது எனக்கே மறந்துபோனது.

"கடையில தரையிலதான் குந்தணும்மா. வேற வழியில்ல" என்றேன்.

"சேர் போட்டுக்கங்க சார். கொஞ்ச நேரத்துக்கு ஒருதடவை எந்திரிச்சு நில்லுங்க. அவ்வளவுதான்."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டது! எனக்கும் சுலபமாகத்தான் தோன்றியது.

நாற்காலி வந்த நாள்

கைவைத்த மர நாற்காலி ஒன்றை வீட்டிலிருந்து கொண்டுவந்து, மெத்தையை ஒரு பக்கம் சுருட்டிவிட்டு, நான் வழக்கமாக உட்காரும் இடத்திலேயே போட்டேன். கடையில் என்னோடு இருபது வருஷத்துக்கு மேலாக இருக்கிற கோமதிதான் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுக்கிற ஆள். நாற்காலியைப் பார்த்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தது. "இன்னா?" என்றேன். "ஒண்ணுமில்ல முதலாளி" என்று துடைக்கிற துணியை எடுத்துக்கொண்டது.

முட்டி எத்தனை சுகமாக இருந்தது என்று சொல்ல முடியாது. அந்தச் சுகத்தில்தான் ஏழுமலையை வரவேற்றேன். அவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வழக்கம்போல் மெத்தையில் உட்கார்ந்தார்கள். கோமதி அரக்குப் புடவையை என் கையில் கொடுத்தது. மெத்தையில் இருந்தால், நான் புடவையை அவர்கள் மடி வரைக்கும் நகர்த்தி விரிப்பேன். நாற்காலியில் இருந்து குனிய முடியவில்லை. எட்டவும் இல்லை. கைவாக்கில் அவர் முன்னால் வீசினேன். புடவை காற்றில் பிரிந்து, அவர் முழங்கால் மேல் போய் விழுந்தது.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் ஆரம்பத்தில் சொன்னேன்.

அவர்கள் தலை மறைந்ததும் கோமதியைக் கேட்டேன். "ஏம்மா, நான் இன்னா தப்பு பண்ணேன்?"

"நெசமாவே தெரியலியா முதலாளி?"

"தெரிஞ்சா கேப்பனா?"

"நீங்க மேல குந்திக்கினு, அவங்களக் கீழ குந்த வச்சு, துணியத் தூக்கிப் போட்டீங்க. அந்தக் காலத்துல நடந்தத அவங்க அப்பா சொல்லிச் சொல்லி வளந்தவரு அவரு. இதப் பாத்தா இன்னா நெனைப்பாரு?"

"முட்டி வலிம்மா!"

"முட்டி வலின்னு நாற்காலி மேல எழுதியா வச்சிருக்குது?"

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. நான் செய்தது வைத்தியம். அவர் பார்த்தது வேறு. இரண்டும் ஒரே நாற்காலிதான். என் மேல் தப்பா, இல்லையா? இல்லை என்றால் ஏன் எனக்கு முகம் சுட்டது?

சரோஜாவிடம் சொன்னேன். "போய்ச் சொல்லிட்டு வாங்க. இதுக்குப் போயி யோசிக்கிறீங்க" என்றாள்.

யோசித்தது வேறு எதற்கோ. இத்தனை வருஷத்தில் அவர் வீட்டுக்கு நான் ஒரு தடவைகூடப் போனதில்லை. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் வந்து பத்திரிகை வைப்பார். நான் மொய்க் கவரைக் கோமதியிடம் கொடுத்தனுப்புவேன். கடையில் ஒரு நைனா, வீட்டில் ஒரு நைனா என்று மேலே எழுதினேனே, எழுதும்போது கை கொஞ்சம் நின்றது.

புது சோபா

ஆட்டோ அவர் வீட்டு வாசலில் நின்றது. நான் மனசில் வைத்திருந்த வீடு வேறு. இது டைல்ஸ் போட்டு, மாடிப்படி வைத்து, புது வண்ணம் அடித்த வீடு. கல்யாணப் பையன் பள்ளிக்கூட வாத்தியார். வரப்போகிற மருமகள் நர்ஸ்.

"வாங்க" என்றார் ஏழுமலை. முகத்தில் ஒன்றும் இல்லை. "குந்துங்க."

கூடத்தில் ஒரு பெரிய சோபா. உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்ன, உள்ளே போனேன். அப்படி ஒரு பஞ்சு. அவரும் அதே சோபாவில் அந்தக் கோடியில் உட்கார்ந்தார்.

டாக்டரிலிருந்து ஆரம்பித்தேன். இடது படம், வலது வலி, எண்ணெய், துண்டு, தடி, சம்மணம் கூடாது என்று சொன்னது, எல்லாம். சொல்லச் சொல்ல எனக்கே நம்புகிற மாதிரி இல்லை. இடது தேய்ந்து வலது வலிக்கிறது என்று எவன் நம்புவான்?

"எல்லாருக்குந்தான் முட்டி வலிக்குது செட்டியாரே" என்றார். "நான் மல்லாட்டை புடுங்குறவன், எனக்கு வலிக்காதா? எங்கப்பா இந்த ஊர்த் தெருவுல நின்னுக்கினு, மேலேர்ந்து விட்டெறிஞ்ச வேட்டிய ரெண்டு கையாலயும் புடிச்சாரு. உங்க நைனா ஒருத்தர்தான் ஏறிக் குந்துன்னு சொன்னாரு. அதுக்காவத்தான் இத்தினி வருஷம் உங்க கடை. எம் மருமவளுக்குப் பொடவை எடுக்க வந்த எடத்துல, என் சம்சாரம் பாக்க, சொந்தக்காரங்க பாக்க, எம் முட்டி மேல வந்து வுழுது அது."

"குனிய முடியல ஏழுமலை."

"சொல்லலாம்ல?"

யோசித்துப் பார்த்தால், முட்டி வலியைப் பூக்காரம்மாவிடம் சொன்னேன், டீக்கடையில் சொன்னேன், பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் சொன்னேன். வாங்க வந்தவரிடம் சொல்லவில்லை. கடைக்காரன் தளர்ந்துவிட்டான் என்று தெரிந்தால் வியாபாரம் போய்விடும் என்று ஒரு நினைப்பு.

பச்சையம்மாள் காபி கொண்டுவந்தார். மூன்று பேரும் குடித்தோம். "பொடவை எடுத்தாச்சா?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்ல. நாளன்னிக்கி விழுப்புரம் போறோம்" என்றார் ஏழுமலை.

சரி, முடிந்தது என்று டம்ளரைக் கீழே வைத்தேன். "அப்ப நான் வரேன்" என்று எழுந்தேன். அதாவது எழப் பார்த்தேன். சோபா விடவில்லை. தமிழ்ச்செல்வி சொன்னபடி விளிம்புக்கு நகர்ந்து, காலைப் பின்னுக்கு இழுத்து, மறுபடி பார்த்தேன். விளிம்பே உள்ளே அமுங்கியது. கையை ஊன்றினால் கையும் உள்ளே போனது. முட்டி கறுக்கென்றது. நெற்றியில் வேர்த்துவிட்டது.

ஏழுமலை பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் நான் நடிக்கிறேன் என்று நினைத்தார் போலிருக்கிறது. பிறகு அவர் முகம் மாறியது. எழுந்து வந்தார். என் இரண்டு கக்கத்திலும் கையைக் கொடுத்தார்.

"மூச்சப் புடிக்காதீங்க. எம் மேல சாஞ்சிக்கங்க. ம், எந்திரிங்க."

எழுந்தேன். அவர் தோளில் என் முழுப் பாரமும். அவர் சட்டையில் செம்மண்ணும் பச்சை மல்லாட்டையும் கலந்த வாசனை. இத்தனை வருஷத்துச் சிநேகிதத்தில் நாங்கள் ஒருவரை ஒருவர் தொட்டது அதுதான் முதல் தடவை என்று அப்போதுதான் உறைத்தது.

"நெசமாத்தான் போச்சா கால்?" என்றார்.

"நெசமாத்தான்."

"அட இன்னா செட்டியாரே" என்றார். சிரித்தாரா, வருத்தப்பட்டாரா, தெரியவில்லை.

"எனக்கும் இந்த சோபா ஆவாது" என்றார் பச்சையம்மாள் சமையலறை வாசலில் நின்றபடி. "ரெண்டு முட்டியும் போச்சு. பையன் ஆசையா வாங்கிப் போட்டான், சொல்ல முடியுமா? உங்க மெத்தை மட்டும் இன்னா? பொடவை எடுக்க வரும்போதெல்லாம், எப்படிடா எந்திரிக்கப் போறோம்னுதான் பயம். பொடவையவா பாத்தேன் நான்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கொஞ்ச காலமாகவே வயதான பெண்கள் கடைக்கு வருவது குறைந்திருந்தது. புதுக்கடைகள் வந்ததால்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எத்தனை பேர் என் மெத்தையிலிருந்து எழ முடியாமல் வராமல் போனார்களோ? மரியாதை என்று நாங்கள் நினைத்தது அவர்களுக்கு வலியாக இருந்திருக்கிறது. வசதி என்று நான் நினைத்தது ஏழுமலைக்கு அவமானமாக இருந்திருக்கிறது. இதில் எதைப் பிடித்துக்கொண்டு எதை விடுவது?

"விழுப்புரம் போறதுக்கு முன்னாடி ஒரு எட்டு வாங்களேன்" என்றேன்.

"பாக்கலாம்" என்றார்.

கடைக்குள் நாற்காலிகள்

பந்தல்காரரிடம் சொல்லி நாற்காலிகள் வரவழைத்தேன். மெத்தையை நடுவில் வைத்து, சுற்றிலும் வட்டமாகப் போட்டோம். புடவை மெத்தையில் விரியட்டும், எல்லாரும் ஒரே உயரத்தில் இருந்து பார்க்கட்டும் என்பது திட்டம். கல்யாண வீட்டுக் கச்சேரி மாதிரி இருந்தது. கோமதி மட்டும் "இப்ப சரி" என்றது.

அன்று காலையிலேயே பிரபு கூப்பிட்டான். "நைனா, செல்போன் கடைக்காரர் இன்னிக்கு முடிவு கேக்கறாரு. இன்னா சொல்லட்டும்?"

"சாயங்காலம் சொல்றண்டா."

பகல் முழுக்க ஒருவரும் வரவில்லை. வெயில் சாய்ந்து, மலைக்கோட்டையின் நிழல் வீடுகள் மேல் விழ ஆரம்பித்த நேரம், வாசலில் செருப்புகள் கழலும் சத்தம் கேட்டது. பச்சையம்மாள் முதலில் வந்தார். நாற்காலிகளைப் பார்த்தார். ஒன்றில் உட்கார்ந்து, இரண்டு காலையும் நீட்டி, "அப்பாடா" என்றார். சொந்தக்காரப் பெண்களும் உட்கார்ந்தார்கள்.

ஏழுமலை வந்தார். நாற்காலிகளைச் சுற்றிலும் பார்த்தார். எனக்குப் பக்கத்து நாற்காலியைக் காட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, நேராக மெத்தையில் ஏறி, எப்போதும் உட்காரும் இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

இப்போது மறுபடி நான் மேலே, அவர் கீழே.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மெத்தையில் இறங்கினால் எழ முடியாது. நாற்காலியில் இருந்தால் அன்றைக்கு மாதிரியே ஆகிவிடும். அவசரமாக எழுந்து நின்றேன். நின்றால் இன்னும் உயரம். தடியைத் தேடினேன். எந்தக் கையில் பிடிப்பது என்பதும் மறந்துவிட்டது.

"இன்னா செட்டியாரே, எதுக்கு நிக்கிறீங்க?"

"நீங்க கீழ குந்திட்டீங்களே."

"எனக்கு மெத்தைதான் வசதி. பழகிப் போச்சு."

"அதுக்கில்ல. நான் மேல..."

"தெரிஞ்சப்புறம் இன்னா இருக்குது? குந்துங்க. கால் வலிக்கும்."

உட்கார்ந்தேன். அது சரியா என்று இன்னும் எனக்கு நிச்சயமில்லை. கோமதி புடவையை எடுத்துக்கொண்டு வந்து என்னிடம் நீட்டியது. நான் வாங்கவில்லை. அவர் கையிலேயே கொடுக்கச் சொன்னேன். ஏழுமலை வாங்கி, மெத்தையில் நகர்த்தி நகர்த்தி, கடைக்காரர் மாதிரியே மனைவி பக்கம் விரித்துக் காட்டினார். பச்சையம்மாள் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக அவசரமே இல்லாமல் ஒவ்வொன்றாக வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பிரபு மறுபடி கூப்பிட்டபோது கடை நிறையப் புடவை விரிந்து கிடந்தது.

"முடிவு இன்னா நைனா?"

"நாற்காலி வாங்கணும்டா. வாடகை நாற்காலி ஆடுது. உக்காந்து எந்திரிக்கிறதுக்குக் கைப்பிடி வச்சதா, நல்லதா நாலஞ்சு பாத்துச் சொல்லு."

"எதுக்கு? வலி நின்னுடுச்சா?"

"வலி எங்கடா நின்னுது?" என்றேன். "போனை வை. அந்தம்மா மஞ்சள் காட்டச் சொல்றாங்க."